அயோடைடு சிம்ஸ்: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

கருவியில் வெற்றிடம் உண்டாக்கும் டர்போ பம்ப் பழுது பார்த்துத் திரும்பி வந்த வாரத்தில்தான் நண்பர் கேட்டார்: "எங்க லேபுக்கும் ஒரு சிம்ஸ் வாங்கலாம்னு இருக்கோம், எப்படி இருக்கு?" சிம்ஸ் (CIMS) என்பது காற்றிலுள்ள வாயு மூலக்கூறோடு ஓர் அயனியை ஒட்டவைத்து, சேர்ந்த நிறையைக் கொண்டு அடையாளம் காணும் கருவி; எங்களுடையதில் அந்த அயனி அயோடைடு. பம்பை நான் குறை சொல்லமாட்டேன். ஓயாமல் சுற்றுவது ஒருநாள் தேயத்தான் செய்யும். என் சண்டையெல்லாம் காற்றை உள்ளே கொண்டுவரும் இன்லெட் குழாயோடு.

நைட்ரிக் அமிலம் ஒட்டாத சுவர் என்று ஒன்று கிடையாது. டெஃப்ளான் குழாய் போட்டாயிற்று, சூடாக்கியாயிற்று, நீளத்தையும் குறைத்தாயிற்று. காற்றில் அமிலம் குறைந்த பிறகும் நிறை 190-இல் (அயோடைடு 127, நைட்ரிக் அமிலம் 63) சிக்னல் இறங்க மறுக்கிறது. திரையில் தெரிவது இப்போதைய காற்றா, சற்றுமுன் சுவர் விழுங்கி இப்போது கக்குவதா?

ஜீரோ எடுப்பது, அதாவது வாயு இல்லாதபோது கருவி காட்டும் அளவைப் பார்ப்பது, அதைவிட மோசம். சிலிண்டரிலிருந்து உலர் நைட்ரஜனை விட்டால் சுத்தம்தான். ஆனால் அயோடைடு தண்ணீரோடும் ஒட்டிக்கொள்ளும், நிறை 145-இல் பார்க்கலாம். ஈரம் போய்விட்டால் ஃபார்மிக் அமிலத்துக்கான உணர்திறனே மாறிவிடும். அந்த ஜீரோவை ஈரக்காற்றின் அளவிலிருந்து கழித்து என்ன பயன்? அளக்கும் அதே காற்றை, ஈரப்பதம் மாறாமல், அளக்கவேண்டிய வாயுக்களை மட்டும் நீக்கி உள்ளே விடவேண்டும். அந்த ஏற்பாடு எங்களுக்கு வந்த பெட்டியில் இல்லை, நாங்களே கட்டிக்கொண்டோம். இத்தனை விலைக்கு விற்பவர்களுக்கு இது தோன்றாதா?

இரவில் மட்டும் கோபம் தணிந்துவிடும். டைநைட்ரஜன் பென்டாக்சைடு குளோரைடு கலந்த துகள்களில் பட்டு நைட்ரில் குளோரைடு உருவாகும்போது, நிறை 208, 210 இரண்டும் சேர்ந்தே ஏறும். உயரம் கிட்டத்தட்ட 3:1, குளோரினின் இரு ஐசோடோப்புகளின் விகிதம். வேறு அடையாளம் தேட வேண்டியதில்லை. மூலக்கூறை உடைக்காமல் அப்படியே பிடித்து, டிரில்லியனில் சில பங்கு அளவை நொடிக்கு நொடி காட்டுகிறது. விடிந்ததும் வெயிலில் சிதைந்து அந்தக் கோடு சரிவதைப் பார்க்கவே லேபில் தங்கியிருக்கிறேன்.

ஐசோப்ரீன் போன்ற ஹைட்ரோகார்பன்தான் உங்கள் குறி என்றால் பிடிஆர்-எம்எஸ் (புரோட்டானை ஒட்டவைத்து அளக்கும் கருவி) பக்கம் போங்கள், அயோடைடு அதைச் சீண்டாது. அயனி உண்டாக்கப் பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருளை வைத்த மாடல் என்றால் கதிரியக்க அனுமதியையும் கணக்கில் எடுங்கள். அரை ஆயுள் 138 நாள்தான், மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அமிலங்கள்தான் வேண்டும், இன்லெட்டோடு மல்லுக்கட்ட ஆளில்லை என்றால், வாங்காதீர்கள்.

எங்களுடையதை இரவல் கேட்டும் வராதீர்கள், தரமாட்டேன்.