குழந்தைக்கான கார் இருக்கை: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் பத்து மாத மகளுக்காக மதுரை பைபாஸ் சாலையிலுள்ள ஒரு கடையில், ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் (காரில் உள்ள உலோக வளையங்களில் நேரடியாக மாட்டுபவை) ஆர்129 முத்திரையும் (குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதி) கொண்ட இருக்கையை வாங்கினோம். பொருள் தரமானது, தயங்காமல் வாங்கலாம். ஆனால் கடைக்காரர் அதை முன்நோக்கிப் பொருத்திக் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 15 மாதம் கடக்கும் வரை குழந்தை பின்நோக்கியே அமர வேண்டும் என்று ஆர்129 விதியே கூறுகிறது. நேருக்கு நேர் மோதும்போது பிஞ்சுக் கழுத்தில் இறங்கும் விசையை அப்போதுதான் இருக்கையின் முதுகுப்பகுதி தாங்கிக்கொள்ளும். கையேட்டைப் பார்த்துப் பின்சீட்டில் நானே திருப்பிப் பொருத்தினேன். தோள்வாரை இறுக்கியபின் விரல்களால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது. சித்திரை வெயிலில் தெப்பக்குளத்தருகே நிறுத்தியிருந்த காரில் வாரின் உலோகப் பூட்டு தொட முடியாதபடி சுட்டது. அன்றிலிருந்து அதன்மேல் வெள்ளைத் துண்டு விரித்துவிட்டே இறங்குகிறேன். முதல் பயணத்தில் மேலூர் வரை அழுதவள், இப்போது ஒத்தக்கடை தாண்டுவதற்குள் உறங்கிவிடுகிறாள்.