பரணில் கிடக்கும் கல்யாண கேசட்: கடையில் கொடுப்பதா, வீட்டிலேயே மாற்றுவதா?

போகிக்குப் பரணைக் காலி செய்தபோது அம்மா ஒரு மஞ்சள் பையை வாசல் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். உள்ளே ஏழு உருப்படிகள். நான்கு விஎச்எஸ் கேசட், இரண்டு சின்ன ஹேண்டிகேம் கேசட், ஒரு விசிடி. 1989இல் நடந்த அவருடைய கல்யாணமே அதில்தான் இருந்தது. கேட்டால், "டெக்கே இல்ல, இத வெச்சிக்கிட்டு என்ன பண்ண?" என்றார். நியாயமான கேள்விதான். பர்மா பஜாரில் ஆசையாக வாங்கிய, கேசட் ஓட்டும் எங்கள் டெக்கைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பல வருஷம் ஆகிறது.

அந்தப் பையைக் காப்பாற்றியதில் தொடங்கி, எதை எப்படிக் கம்ப்யூட்டர் கோப்பாக மாற்றுவது என்று ஐந்து மாதம் அலைந்தேன். கடையிலும் கொடுத்தேன், வீட்டிலும் செய்தேன். இரண்டிலும் சூடுபட்டதால் எழுதுகிறேன்.

முதலில், ஏன் அவசரம். வீடியோ நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் காந்தத் துகளைப் பசை போட்டு ஒட்டியது. அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சிக் கெடும். ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சையும் பிடிக்கும். எங்கள் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் கடல் காற்றுக்கு ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு பெயின்ட் கேட்கிறது, நாடா மட்டும் சும்மா இருக்குமா? இன்னொரு பக்கம், விசிஆர், அதாவது டெக், தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. உலகம் முழுக்கக் காந்த நாடாக்களை 2025க்குள் மாற்றிவிடப் பாருங்கள் என்று யுனெஸ்கோ 2019இல் எச்சரித்ததும் இதனால்தான். அந்தக் கெடுவையும் தாண்டி நிற்கிறோம்.

சரி, வழிகளுக்கு வருவோம். டிவியில் ஓடவிட்டு எதிரே செல்போனை வைத்துப் பிடிப்பதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. ஃபேன் சத்தம், டிவி கண்ணாடியில் ட்யூப் லைட், நடுவில் "யாருப்பா அது" என்று ஒரு குரல். டெக் நாளைக்கே உயிரை விட்டுவிடும் என்ற நிலை வந்தால் மட்டும் செய்யலாம்.

மிச்சம் இருப்பது இரண்டு. ஸ்டுடியோவில் கொடுப்பது ஒன்று, டெக்கைத் தேடிப் பிடித்து நாமே கம்ப்யூட்டரில் ஏற்றுவது இன்னொன்று.

ஸ்டுடியோக்களில் கேசட் ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் கேட்கிறார்கள். வாரத்தில் வேலை முடிந்துவிடும். பூஞ்சை பிடித்த கேசட் என்றால் கடைதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று மணி நேர விஎச்எஸ் கேசட்டுக்குள் சுமார் 250 மீட்டர் நாடா இருக்கிறது. அடியில் உள்ள ஐந்து ஸ்குருவைக் கழற்றி, அவ்வளவு நீளத்தையும் துடைத்துத் திரும்பச் சுற்றும் பொறுமை கை பழகியவர்களுக்கே உண்டு. பூஞ்சையோடு டெக்கில் போட்டால் அது நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தாவும். நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிற உருளையில் இருக்கிறது அந்த ஹெட். ஒரு தூசி சிக்கினாலும் படம் போச்சு.

ஆனால் கடையில் கொடுக்கும்போது ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அக்காவின் காது குத்து கேசட்டை ஒரு கடையில் கொடுத்தேன். "யாருக்கா இதெல்லாம் முழுசா உக்காந்து பாப்பாங்க? நல்லா பாட்டு போட்டு, ஜம்முனு பண்ணித் தர்றேன்" என்றார் கடைக்காரர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஒன்றரை மணி நேரம் 50 நிமிஷமாகச் சுருங்கி ஒரு டிவிடியாக வந்தது. எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். பழைய சதுரப் படத்தை இன்றைய டிவி அகலத்துக்கு இழுத்துவிட்டிருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மொட்டைமாடிப் பந்தலில் சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை கேமரா மெதுவாகச் சுற்றிவரும் பகுதி மொத்தமும் காணோம். "அது ஒண்ணுமே இல்லக்கா, டல்லா இருந்துச்சு."

அந்த டல்லான இடத்தில்தான் தாத்தா இருந்தார். பின்னி மில்லில் வேலை பார்த்தவர். ஸ்டில் கேமராவைக் கண்டால் சட்டைப் பொத்தானைப் போட்டு விறைத்து நிற்பார். வீடியோ ஓடுகிறது என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவரோடு சிரித்துப் பேசுவது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான். நல்லவேளை, கேசட்டைத் திருப்பி வாங்கியிருந்தேன். வாங்காமல் வருபவர்களும் உண்டு, "அதான் டிவிடி வந்துருச்சே" என்று.

அதனால் கடையில் கொடுப்பதாக இருந்தால் வெட்டாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள், அகலத்தை இழுக்காதீர்கள் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். டிவிடி வேண்டாம், கோப்பாக பென்டிரைவில் கேளுங்கள். 4.7 ஜிபி டிவிடிக்குள் மூன்று மணி நேரத்தை அடைத்தால் படத்தைக் கசக்கித்தான் அடைக்க முடியும். விசிடி இன்னும் மோசம். அதன் படம் 352க்கு 288 புள்ளிதான். எங்கள் வீட்டு விசிடியில் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வந்தவர்களின் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. அதற்கு இனி யாராலும் வைத்தியம் பார்க்க முடியாது.

இனி வீட்டில் செய்வது. பெரம்பூரில் பெரியப்பா வீட்டில் ஒரு டெக் கிடைத்தது. உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. ஒரு பழைய டிவி மெக்கானிக் வேறு போட்டுக் கொடுத்தார். டெக்கில் இருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் மூன்றையும், ஓடும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி, அதை லேப்டாப்பில் மாட்டி, ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்தோம். கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? முதல் கேசட்டில் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஐயர் வாய் ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம். மலிவான கருவிகளில் இப்படிச் சத்தம் நழுவுவது சகஜம். கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து வேறு கருவி வாங்கியதும் சரியானது.

வீட்டில் செய்வதன் பெரிய குறை நேரம். மூன்று மணி நேர கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும், அதைக் குறைக்க வழியே கிடையாது. நடுவில் கரன்ட் போனால் முதலில் இருந்து. ஆனால் லாபமும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது என்பேன். ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்தபோதுதான் பெண் அழைப்பு ஊர்வலம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போவது கண்ணில் பட்டது. காஸ் லைட் தூக்கியவர்கள், ஓரம் ஒதுங்கும் சைக்கிள்கள், மேலே வெறும் வானம். இன்று அதே சாலையில் டோல்கேட் பக்கம் நிமிர்ந்தால் மெட்ரோ பாலம். 2021இல் விம்கோ நகர் வரைக்கும் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு பிறந்த என் தங்கை மகன், இது நம்ம ரோடு என்று சொன்னால் நம்ப மறுக்கிறான். எந்த ஸ்டுடியோக்காரரும் இந்த இடத்தை வெட்டாமல் விட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஒன்றுமே நடக்காத மூன்று நிமிஷம் அது.

வீட்டில் செய்பவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். கேசட் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள், தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. ஓடவிடும் முன் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் இறுகிய நாடா சமமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். 2015 வெள்ளத்தில் கொடுங்கையூர் அத்தை வீட்டுக் கேசட்டுகள் நனைந்தன. ஹேர் டிரையர் போட்டு உலர்த்தி உடனே டெக்கில் போட்டார்கள். நாடா உள்ளே சிக்கி, டெக்கும் போனது, கேசட்டும் போனது.

அமெரிக்காவில் இருந்து மாமா எடுத்து அனுப்பிய கேசட் கறுப்பு வெள்ளையாக ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம். நம் ஊர் டிவி முறைக்குப் பெயர் பால் (PAL), அங்கே என்டிஎஸ்சி (NTSC). இரண்டையும் படிக்கும் டெக் இருந்தால் நிறம் வந்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் சம்பந்தி வீட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மாவின் கல்யாண கேசட் மங்கலாக இருந்ததற்குக் காரணம் வயசு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நைனா வீட்டுக்கு வந்தது நகல், அசல் அம்மாவின் அண்ணன் வீட்டில். கேசட்டில் இருந்து கேசட்டுக்கு நகல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் மங்கும். ராயபுரம் போய் அசலை வாங்கி வந்து மறுபடி ஏற்றினோம். புடவை பச்சை என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

எங்கே வைப்பது என்பது தனித் தகராறு. யூடியூபில் பட்டியலில் வராதபடி ஏற்றினால் செலவில்லை, துபாயில் இருக்கும் சித்தப்பாவுக்கு லிங்க் அனுப்பலாம். ஆனால் கல்யாண வீடியோவில் ஸ்டுடியோக்காரர் அன்றே போட்ட சினிமாப் பாட்டுக்குக் காப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். படத்தையும் யூடியூப் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிக்கொள்ளும். கூகுளில் இலவசம் 15 ஜிபிதான், மெயிலும் போட்டோவும் அதற்குள்ளேயே. கேசட்டில் இருந்து எடுத்தது மணிக்கு 2 ஜிபி சொச்சம் வந்தது எனக்கு. என் ஏற்பாடு இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று இங்கே, ஒன்று பெரியப்பா வீட்டில். ஒரே வெள்ளத்தில் இரண்டும் நனையக் கூடாது என்பதற்காக. பொங்கலுக்குப் பொங்கல் இரண்டையும் மாட்டி ஓடுகிறதா என்று பார்ப்பதாகத் திட்டம்.

ஆக, என் கணக்கு இது: பூஞ்சை பிடித்த ஒன்றே ஒன்று கடைக்கு, எழுதிக் கொடுத்த நிபந்தனையோடு. மற்ற மூன்றும் வீட்டில். ஆயாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓடவிட்டபோது அவர் பேசியதை செல்போனில் தனியாகப் பதிவு செய்தேன். தாம்பாளம் தூக்கி வரும் ஒருவரை எங்கள் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆயா மட்டும், "அட, நம்ம மில்லுக்கார கோவிந்தன் இல்ல? தாலி வாங்கக் காசு பத்தலன்னு அவன்தான் குடுத்தான்" என்றார். நைனாவுக்கே அது புதுச் செய்தி.

ஹேண்டிகேம் கேசட் இரண்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அதை ஓட்ட அந்த வகை கேமராவே வேண்டும். கொருக்குப்பேட்டையில் சின்ன மாமா வீட்டுப் பரணில் ஒன்று கிடப்பதாகச் சொல்கிறார்கள். சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டால் அத்தை யோசிக்கிறார்.