மிக்ஸிங் பழக உள்ளூர் ஸ்டுடியோவா, சென்னை ஸ்டுடியோவா?

தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாட்டாகக் கலக்கும் மிக்ஸிங் வேலையைப் பழக ஆசைப்படும் மதுரைப் பிள்ளைகள் முதலில் சென்னைக்குத்தான் பஸ் ஏறப் பார்க்கிறார்கள். போகலாம், தவறில்லை. பெரிய ஸ்டுடியோவில் எதிரொலியை அடக்க அறையையே அளந்து கட்டியிருப்பார்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ் பேஸ் (தாழ்ந்த ஒலி) எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும். ஆனால் 450 கிலோமீட்டர் போய்ப் பார்வையாளராக உட்கார்ந்தால், நடுவில் கேள்வி கேட்க முடியாது.

உள்ளூரில் கிடைப்பது வேறு. பக்திப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு என்று வேலை நடக்கும் சின்ன அறை. தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து வாசித்தால், தவில் சத்தம் நாதஸ்வர மைக்கிலும் புகுந்துவிடும். அதைக் குறைக்க சவுண்ட் இன்ஜினியர் மைக்கை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று அருகிலிருந்தே பார்க்கலாம். சத்தம் எகிறினால் அமுக்கும் கம்ப்ரஸரில், அது அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரமான அட்டாக்கை 5 மில்லிசெகண்டிலிருந்து 30-க்கு ஏற்றுவார். விரல்கூடு மாட்டி அடிக்கும் தவிலின் வலது பக்கமான வலந்தலையின் முதல் அடி அமுங்காமல் வெளியே வரும். "அண்ணே, ஏன் ஏத்துனீங்க?" என்று கேட்டால், பழையபடி வைத்தும் கேட்கவைப்பார். இந்தக் கேள்வி கேட்கும் உரிமைக்காகவே என் ஓட்டு உள்ளூருக்கு.

அறை சரியில்லாததால் பேஸ் மட்டும் ஏமாற்றும். அதற்குத்தான் அப்புறம் சென்னை. போகும்போது சொந்த மிக்ஸைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அனுமதி கேட்டு அங்கே ஒருமுறை ஓடவிடுங்கள்.