மேட்ரிக்ஸா, ஸ்டார் வார்ஸா: சேலத்தில் எதைத் திரையிடலாம்?

அறிவியல் புனைவில் ஆன்மிகம் பற்றி ஒரு மாலை படம் போட்டுப் பேச, எங்கள் தேர்வு தி மேட்ரிக்ஸ் (1999). 136 நிமிடம், ஸ்டார் வார்ஸ் (1977) 121 நிமிடம்தான். ஏற்காடு திரும்புகிறவர்கள் பேச்சுக்கும் இருக்க வேண்டுமென்றால் மதியமே தொடங்கிவிடுங்கள்.

மேட்ரிக்ஸில் தடயங்கள் கண்ணுக்கே தெரியும். நாயகன் குழுவினரின் கப்பலில் உள்ள தகட்டில் ‘மார்க் 3, எண் 11’ என்றிருக்கும். பைபிளின் மாற்கு நற்செய்தி 3:11இல் அசுத்த ஆவிகள் இயேசுவை தேவகுமாரன் என்கின்றன. கரண்டி வளைக்கும் மொட்டைத்தலைச் சிறுவனுக்குப் பௌத்தத் துறவிச் சாயல். மூன்றாம் பாகத்தின் (2003) முடிவிசையில் ‘அஸதோ மா ஸத்கமய’ என்ற பிருகதாரண்யக உபநிடத வரி ஒலிக்கிறது.

பேச்சு தடம்புரள்வது ஒரே இடத்தில்: “இது நம்ம மாயைதானே!” அத்வைத மாயைக்குப் பின்னால் சதிகாரர் எவருமில்லை. இங்கோ பொய்யுலகை இயந்திரங்கள் திட்டமிட்டுக் கட்டுகின்றன. தாழ்ந்த படைப்புத் தெய்வம் மனிதரைச் சிறைவைப்பதாகச் சொன்ன பழைய ஞானவாதக் கிறிஸ்தவத்துக்கே இது நெருக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்டார் வார்ஸில் உயிர்களையெல்லாம் பிணைக்கும் ‘ஃபோர்ஸ்’ சீனத் தாவோ மரபை நினைவூட்டும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் இதையே போடுங்கள். அனக்கின் என்ற பாத்திரத்தின் தந்தையில்லாப் பிறப்பை மட்டும் இதில் தேட வேண்டாம், அது 1999இல் வந்த ஸ்டார் வார்ஸ் படமான ‘தி ஃபேன்டம் மெனஸ்’ஸில்தான்.