பாம்3சிஎஸ்கே4 குப்பி: டர்பன் ஆய்வகத்தில் சில மாதப் பயன்பாட்டுக்குப் பின்

காசநோய் ஆய்வில் இருக்கும் எங்களுக்கு டிஎல்ஆர்2 (டோல் போன்ற ஏற்பி 2) பழகிய பெயர். காசநோய்க் கிருமியின் கொழுப்புப்புரதங்களை அடையாளம் காணும் நோயெதிர்ப்புச் செல் ஏற்பிகளுள் அது முக்கியமானது. அதைத் தூண்டுவதற்கென்றே செயற்கையாகத் தயாரிக்கப்படும் பாம்3சிஎஸ்கே4 என்ற லிப்போபெப்டைடை (கொழுப்பு இணைந்த சிறு புரதத் துண்டை) 1 மில்லிகிராம் குப்பியாக வாங்கினேன். பொடி நீரில் எளிதாகக் கரைகிறது.

டி செல்களை, அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணுக்களை, இது எப்படித் தூண்டுகிறது என்று பார்த்தோம். டி செல் ஏற்பி தூண்டப்பட்டதும் எல்சிகே, ஜாப்-70 ஆகிய கைனேஸ் நொதிகள் வழியே லாட் புரதத்துக்குச் செல்லும் சமிக்ஞை, அங்கிருந்து ஒருபுறம் கால்சியத்தை உயர்த்தி, மறுபுறம் கார்மா1 வழியாக, மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா பி என்ற புரதத்தை எழுப்புகிறது. டிஎல்ஆர்2-வோ மைடி88, ஐராக்4, டிராஃப்6 என்ற வேறு வாய்க்கால் வழியே வந்து அதே மடையில் கூடுகிறது. ஆகவே டி செல் ஏற்பியைத் தூண்டும் சிடி3 எதிர்ப்பொருளைத் தாராளமாக இட்டால் இப்பொருளின் பங்கு மறைந்துபோகும். அந்த எதிர்ப்பொருளைக் குறைத்து இட்டபோதுதான் நினைவு டி செல்களின் (முன்பே கிருமியைச் சந்தித்தவை) பெருக்கமும் அவை சுரக்கும் இன்டர்பெரான்-காமாவும் கூடுவது எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

'டி செல் துணைத்தூண்டி' (டி செல் ஏற்பியின் தூண்டலுக்கு நேரடியாகத் துணைசெய்வது) என்று விற்பனைக் குறிப்பு சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். முதல் சோதனையில், டி செல் விழித்ததைக் காட்டும் சிடி69 உயர்ந்ததும், "அண்ணா, ஏறிவிட்டது!" என்று உடன் பணிபுரியும் தம்பி துள்ளினார், பிரித்தெடுத்த செல்களில் மோனோசைட்டுகள் என்ற வேறுவகை வெள்ளையணுக்கள் எஞ்சியிருந்ததை மாலையில்தான் கண்டோம். டிஎல்ஆர்2 நிறைந்த அவை தாமே விழித்து, சிடி80, சிடி86 முதலிய துணைத்தூண்டு மூலக்கூறுகளைக் காட்டி டி செல்களைத் தூண்டிவிடக்கூடும். 1997-இல் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்கள் மெட்ஜிடோவும் ஜேன்வேயும் மனித டோல் ஏற்பியை விவரித்தபோது, மோனோசைட் வகைச் செல்களில் அது சிடி80-ஐ எழுப்புவதைத்தானே காட்டினார்கள்! மோனோசைட்டுகளை முழுமையாக நீக்கிச் செய்த இரண்டாம் சோதனையில் உயர்வு குறைந்தது, ஆனால் மறையவில்லை. அந்த எஞ்சிய உயர்வுக்காகவே இப்பொருளை மதிக்கிறேன்.

குறை, விற்றவரிடம். எண்டோடாக்சின் (சில பாக்டீரியாக்களின் வெளியுறை நச்சு) சோதனைச் சான்றிதழை மூன்று முறை கேட்ட பிறகே அனுப்பினார்கள். அச்சான்று இல்லாவிட்டால், நாம் பார்ப்பது டிஎல்ஆர்2-இன் வேலையா, கலந்துவிட்ட எண்டோடாக்சின் அதற்குரிய ஏற்பியான டிஎல்ஆர்4-ஐத் தொட்டதன் விளைவா என்று சொல்ல இயலாது. காத்திருந்த நாட்களில் பாலிமிக்சின் பி சேர்த்து நாங்களே சரிபார்த்தோம். எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் அம்மருந்து இருந்தும் விளைவு மாறவில்லை.

அடுத்த குப்பியையும் இதே தயாரிப்பில் வாங்குவேன், வேறொரு விநியோகஸ்தரிடமிருந்து.