மீட்டரா, ஹார்ட்டா, கேலிபிரேட்டரா?

பிரஷரை அளந்து கரன்டாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் டிஸ்ப்ளேயில் பிரஷர் 5.0 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு). கன்ட்ரோல் ரூம் திரையில் 5.4. பேனல்காரர் வாக்கி டாக்கியில் "உங்க டிரான்ஸ்மிட்டர் சரியில்லை" என்பார். நாம் "உங்க டிசிஎஸ்-ஐ (கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் அமைப்பை) பாருங்க" என்போம். யார் பக்கம் தப்பு என்று கண்டுபிடிக்க மூன்று கருவிகள் உண்டு. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்துத்தான் பலரும் நேரத்தை வீணடிக்கிறார்கள்.

கருவியை எடுக்கும் முன் இரண்டு பக்கமும் ரேஞ்சும் யூனிட்டும் ஒன்றா என்று கேட்டுவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரில் 0-10, டிசிஎஸ்ஸில் 0-16 என்றிருந்தால், பூஜ்யத்தில் ஒத்துப்போகும். மேலே போகப் போக விலகும். 10 கிலோ என்பது 9.81 பார். இதற்காகவே வெயிலில் டவர் ஏறியவர்கள் உண்டு.

பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பது ஹார்ட் கம்யூனிகேட்டர், அதாவது அதே வயர் வழியாக டிரான்ஸ்மிட்டரோடு டிஜிட்டலாகப் பேசும் கைக்கருவி. டேக் (கருவியின் பெயர்), ரேஞ்ச், டேம்பிங் (ரீடிங் ஆட்டத்தைத் தணிப்பது), ஃப்ளோ என்றால் அழுத்த வித்தியாசத்தை ஃப்ளோவாக மாற்றும் ஸ்கொயர் ரூட் எங்கே போட்டிருக்கிறது என்பதெல்லாம் வயரைக் கழற்றாமலே தெரிந்துவிடும். ரூட் இரண்டு பக்கமும் இருந்தால், 50 சதவீத ஃப்ளோ 70.7 என்று காட்டும். இதைப் பிடிக்க ஹார்ட்டை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதில் தெரியும் 12.00 மில்லியாம்ப், டிரான்ஸ்மிட்டர் தான் அனுப்புவதாக நம்பும் கரன்ட். வயரில் ஓடுவதை அது அளப்பதே இல்லை.

அதை அளப்பது மீட்டர். ரேஞ்சின் அடிக்கு 4 மில்லியாம்ப், உச்சிக்கு 20. அதனால் 0-10 ரேஞ்சில் 5.0 என்றால் 12.00 ஓட வேண்டும், 5.4 என்றால் 12.64. டிரான்ஸ்மிட்டரில் ஒரு தடவை, ஃபீல்டு வயர்கள் எல்லாம் டிசிஎஸ்ஸுக்கு முன் வந்து சேரும் மார்ஷலிங் கேபினட்டில் ஒரு தடவை பாருங்கள். இரண்டு இடத்திலும் 12.00 என்றால் கரன்டை வாங்கும் டிசிஎஸ் கார்டோ, அதை கிலோவாக மாற்றும் ஸ்கேலிங்கோதான். இங்கே 12.00, அங்கே 12.64 என்றால் நடுவில் எங்கோ லீக்கேஜ். சீரிஸில் போட லூப்பை, அதாவது கரன்ட் ஓடும் சர்க்யூட்டைத் திறக்க வேண்டும் என்பதுதான் குறை. கன்ட்ரோலரை மேனுவலில் போடாமல், டிரிப்பை (பிளான்ட்டைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பை) பைபாஸ் செய்யாமல் கை வைத்தால் பிளான்ட்டே நின்றுவிடும். கிளாம்ப் வகை மில்லியாம்ப் மீட்டர் இருந்தால் இந்தப் பயமில்லை.

கேலிபிரேட்டர் கடைசியில்தான். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 4, 12, 20 கொடுத்தால், கேபிளும் கார்டும் மட்டும் சோதனைக்கு வரும். டூ-வயர் லூப்பில் பவர் டிசிஎஸ் பக்கமிருந்தே வருவதால், 'சிமுலேட்' மோடு என்பதை மறக்க வேண்டாம். கேலிபிரேட்டரே பவர் தரும் 'சோர்ஸ்' போட்டுவிட்டு கார்டைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

என் கட்சி மீட்டர்தான். ஒரு மழைக்காலத்தில் மேலே சொன்ன அதே 5.0-க்கு 5.4 தகராறு. ஹார்ட்டில் எல்லாம் சுத்தம். மீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், கிளாண்ட் (கேபிள் நுழையும் இடத்து சீல்) வழியாக இறங்கிய தண்ணீர், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே பச்சை படிந்த டெர்மினல். அந்த 0.64 அது வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. துடைத்துக் காயவைத்து கிளாண்டை மாற்றினோம். திரையில் 5.0 வரும் என்று பார்த்தால் 4.6. முந்தைய ஷிஃப்டில் யாரோ டிசிஎஸ்ஸோடு ஒத்துப்போகட்டும் என்று டிரான்ஸ்மிட்டர் அவுட்புட்டைக் குறைத்து டிரிம் செய்திருப்பார்களோ என்று பார்த்தோம். இல்லை, நாங்கள் கிளாண்டை மாற்றுவதற்குள் 5.4-ஐ 5.0 ஆக்க, அதே லூப்பில் டிசிஎஸ் ஸ்கேலிங்கில் கை வைத்திருந்தார்கள்.