மாஸ்டாவா, கேட்டர்ஹாமா?

சனிக்கிழமை சோதனை ஓட்டம், ஞாயிறு பந்தயம். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் இறங்கும் புதியவருக்கு எந்தக் கார்?

மாஸ்டா எம்எக்ஸ்-5 சுமார் ஒரு டன்; ஓட்டுபவரின் தப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 1989 முதல் விற்பனையில் இருப்பதால் பழைய வண்டிக்கும் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை.

கூரையில்லாத சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கேட்டர்ஹாம் செவன் கிட்டத்தட்ட அதில் பாதி எடைதான். டயரும் பிரேக்கும் மெதுவாகத் தேயும், சரி. ஆனால் முதல் வளைவான பேடக் ஹில்லில் தடம் சட்டென்று கீழே சரியும். பாதி வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்சக்கரம் பிடியை விட்டுவிடும். மாஸ்டாவிலும் இதே கதைதான். கேட்டர்ஹாமில் யோசிக்கக்கூட நேரம் கிடைக்காது. அப்புறம் மழை வந்தால் மடியில் குளம்.

வேடிக்கைக்கு என் ஓட்டு கேட்டர்ஹாமுக்கே. முதல் வருடம் மட்டும் மாஸ்டா.